கடலுக்குப் போன ஆனைமலைத் தேக்கு

ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்று இன்று அழைக்கப்படும் இடத்துக்கு அந்தப் பெயரைத் தந்தது ஒரு மரச் சறுக்கு. காட்டில் வெட்டிய தேக்குக் கட்டைகளை யானைகள் சரிவின் உச்சிக்கு இழுத்து வரும். அங்கிருந்து தள்ளிவிட்டால் கட்டைகள் சறுக்கிக்கொண்டே சமவெளிக்கு இறங்கும். மேலிருந்து சறுக்கிவிடும் இடம் என்ற பொருளில் ஆங்கிலேய அதிகாரிகள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். சேத்துமடை சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறினால் வந்துவிடும். யானையும் காட்டெருதும் மானும் பார்க்க ஆண்டு முழுவதும் மக்கள் வருகிறார்கள். புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் சறுக்கில் இறங்கிய மரங்கள் பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போனவை என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிவிக்க அங்கே போதுமான ஏற்பாடும் இல்லை.

கடற்படை மரபு என்றதும் எல்லோர் மனமும் கடற்கரைக்குத்தான் போகும். விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் இருக்கிறது. மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து வடக்கே நடந்தால் கடற்படைத் தளத்தின் கல்மதிலும் சிங்க வாசலும் வருகின்றன. இப்படிக் கரையோரமாக நடந்து பார்ப்பது இன்று உலகெங்கும் பரவியுள்ள பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் மரக் கப்பல் காலத்தில் கடற்படையின் பாதி வேலை காட்டில் நடந்தது. விக்டரி ஒன்றுக்கே சுமார் 6,000 மரங்கள் வேண்டியிருந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அத்தனை மரமும் ஏதோ ஒரு காட்டில் நின்றவை. ஏதோ ஓர் ஊர்க்காரர்கள் வெட்டி, இழுத்து, ஆற்றில் விட்டவை. இந்தியாவின் மேற்குக் கரையில் கட்டிய கப்பல்களுக்கு மலபாரும் அதையொட்டிய மலைகளும் அந்தக் காடாக இருந்தன. ஆனைமலைக்கும் அந்தக் கணக்கில் பங்கு உண்டு.

கப்பலுக்கு ஏன் தேக்கு? ஐரோப்பியக் கப்பல்கள் ஓக் மரத்தால் ஆனவை. ஓக் வலுவானது, ஆனால் அதில் உள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். வெப்பக் கடல்களில் அது விரைவில் உளுத்தும் போகும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையானும் பூஞ்சையும் அதை எளிதில் அண்டுவதில்லை. ஆணியும் துருப்பிடிக்காமல் நீண்ட நாள் தாங்கும். வெயிலிலும் ஈரத்திலும் மாறிமாறிக் கிடந்தாலும் அதிகம் சுருங்காது, முறுக்கிக்கொள்ளாது. பீரங்கிக் குண்டு பட்டால் ஓக் கூரான சிம்புகளாகத் தெறித்து மாலுமிகளைக் கொல்லும். தேக்கில் அந்த ஆபத்து குறைவு என்று அக்காலக் கடற்படையினர் கருதினர். ஓக் கப்பலைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல தேக்குக் கப்பலோ இரண்டு, மூன்று தலைமுறைக்கு உழைத்தது.

இது ஆங்கிலேயர் கண்டுபிடித்த செய்தி அல்ல. செங்கடல் கரையில் உள்ள பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில் நடந்த அகழாய்வில், இந்தியாவிலிருந்து வந்த மிளகோடு தேக்கு மரத் துண்டுகளும் கிடைத்துள்ளன. பழைய கப்பல்களைப் பிரித்த மரத்தை அங்கே கட்டடங்களுக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ரோமானியரோடு நடந்த அந்த வாணிபத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்கும் பங்கு இருந்தது. கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் அதற்குச் சாட்சி. கடலைப் பார்க்காத நாடு என்று கொங்கைச் சொல்வதுண்டு. கணவாய் வழியாகப் பார்த்தால் மேலைக்கடல் அவ்வளவு தொலைவில் இல்லை.

பம்பாயில் கப்பல் கட்டும் தொழிலுக்கு அடித்தளம் இட்டவர் லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சர். 1736இல் சூரத்திலிருந்து அவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாய்க்கு வரவழைத்தது. 1750இல் அங்கே உலர் கப்பல் துறை கட்டி முடிக்கப்பட்டது. கடல்நீரை வெளியேற்றிவிட்டு, கப்பலின் அடிப்பாகத்தைத் தரையில் நின்றபடியே பார்த்து வேலை செய்வதற்கான கல் தொட்டி அது. ஆசியாவிலேயே அத்தகைய முதல் துறை என்று அதைக் குறிப்பிடுவார்கள். வாடியா குடும்பத்தின் தலைமைத் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கப்பல் கட்டினர். 1810இல் அவர்கள் கட்டிய மிண்டன் பிரிட்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் அரசுக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட முதல் பெரும் போர்க்கப்பல். 1813இல் கட்டிய கார்ன்வாலிஸ் 74 பீரங்கிகளைத் தாங்கியது. 1842 ஆகஸ்ட் 29 அன்று சீனா ஹாங்காங்கை விட்டுக்கொடுத்து ஒப்பமிட்ட நான்ஜிங் உடன்படிக்கை இந்தக் கார்ன்வாலிஸ் கப்பலின் மேல்தான் கையெழுத்தானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் யாங்சி ஆற்றில் ஒரு பேரரசைத் தலைகுனிய வைத்தது. அது பெருமைப்படத்தக்க செய்தியும் அல்ல, மறைக்கத்தக்க செய்தியும் அல்ல.

அந்தக் கப்பல்கள் கட்டப்பட்ட காலத்தில், நெப்போலியனோடு நடந்த போர்களால் இங்கிலாந்தின் ஓக் காடுகள் வற்றிப்போயிருந்தன. கம்பெனியின் பார்வை மலபார் தேக்கின் மேல் விழுந்தது. 1806இல் வாட்சன் என்ற படைத் தலைவர் காட்டுப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே தேக்கு முழுவதும் அரசுக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டார்கள். தங்கள் நிலத்தில் நின்ற மரத்தைத் தொட நில உடைமையாளர்களுக்கு உரிமை இல்லை, விலை சொல்ல வணிகர்களுக்கு உரிமை இல்லை, வீட்டுக்கு ஒரு கட்டை வெட்டக் குடியானவனுக்கும் உரிமை இல்லை. குமுறல் பெருகியது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ காலத்தில், 1823இல், அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் கட்டுப்பாடு போன பிறகு வெட்டு குறையவில்லை. வணிகர்கள் கைக்கு மாறியது, அவ்வளவுதான். ஆற்றோரங்களில் எளிதில் எட்டக்கூடிய பெருமரங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. அந்தப் பற்றாக்குறையைப் பார்த்துத்தான் மலபார் கலெக்டர் கனோலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார். சாத்து மேனன் என்ற உள்ளூர் அலுவலர் அந்த நாற்றுகளை வளர்த்துக் காட்டினார். நட்ட தேக்கு கப்பலுக்கு ஆக அறுபது ஆண்டு, எண்பது ஆண்டு வேண்டும். கப்பல் தளம் அதுவரை காத்திருக்குமா? கோடரி மலையேறியது.

1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற இளம் இராணுவ அதிகாரி ஆனைமலைக் காடுகளின் பொறுப்பாளராக வந்தார். பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு அனுப்புவதே அவருக்கு இட்ட வேலை. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர் இங்கே இருந்தார். பாதை வெட்டினார், வேலைக்கு ஆள் சேர்த்தார், யானைகளைப் பழக்கி மரம் இழுக்க வைத்தார். கோடையில் காடு முழுக்கத் தீப்பற்றி இளங்கன்றுகள் கருகுவதைக் கண்டு, தீயைத் தடுக்க முறையாக முயன்றவரும் அவரே. இந்திய வனத்துறையின் தீத்தடுப்பு வரலாற்றை எழுதுபவர்கள் அவருடைய ஆனைமலை முயற்சியிலிருந்து தொடங்குவது வழக்கம். அவருக்குப் பின் டக்ளஸ் ஹாமில்டன் வந்தார். 1856இல் சென்னை மாகாண வனத்துறை அமைந்து, மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதல் பாதுகாவலரானார். அவருக்கு உதவியாளராக இருந்து பின்னர் அவர் இடத்துக்கே வந்தவர் பெட்டோம். தென்னிந்திய மரங்களையும் பெரணிகளையும் ஊர்வனவற்றையும் பதிவு செய்தவர் அவர். இன்று பரம்பிக்குளம் பக்கம் அணைக்கட்டாக நிற்கும் தூணக்கடவு, அந்நாளில் இவர்களுடைய காட்டு முகாம்.

மரம் வெட்டும் முறை நிதானமானது. பச்சைத் தேக்கு கனமானது. ஆற்றில் விட்டால் சரியாக மிதக்காது. எனவே வெட்டுவதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மரத்தின் அடியில் பட்டையையும் அதற்கு உள்ளே இருக்கும் வெளிறையும் சுற்றிலும் வளையமாகக் கொத்தி எடுத்துவிடுவார்கள். வேரிலிருந்து நீர் மேலே ஏறாது. மரம் நின்றபடியே காய்ந்து, இலை உதிர்த்து, வெறும் எலும்பாக நிற்கும். இரண்டு மழைக்காலம் கழித்துக் கோடரி போட்டால் வைரம் இறுகியிருக்கும், எடையும் குறைந்திருக்கும். அதன் பிறகுதான் யானையின் வேலை. கட்டையின் முனையில் துளையிட்டுச் சங்கிலி கோத்து, மாவுத்தன் சொல்லுக்கு ஏற்ப யானை அதைச் சரிவு வரை இழுத்து வரும். தலையால் முட்டி நேராக்கும். கடைசியில் ஓர் உந்து. அடிவாரத்தில் மாட்டு வண்டிகள் காத்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் பாரதப்புழை வெள்ளத்திலும் கட்டைகள் பொன்னானிக் கடற்கரையை அடையும். அங்கிருந்து கடல்வழியே பம்பாய்.

ஆனைமலை ஊரைத் தொட்டு ஓடும் ஆழியாறு பாரதப்புழையின் கிளை. கொங்கு நாட்டின் பெரும்பகுதி நீர் காவிரியில் கலந்து கிழக்கே போக, ஆனைமலையின் நீர் மேற்கே பொன்னானிக்குப் போகும் இந்தப் புவியமைப்புதான் இந்த மலையை மேலைக்கடலோடு கட்டிப்போட்டது. இன்று ஆழியாறு, தூணக்கடவு, பரம்பிக்குளம் அணைகள் மேற்கே பாயும் நீரில் ஒரு பகுதியைத் தடுத்துக் கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்குத் திருப்பிவிடுகின்றன. ஒரு காலத்தில் மரம் போன தடத்தில் இன்று பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் பாசனம் நடக்கிறது. ஆழியாறு அணையைப் பார்க்க வருபவரிடம் இந்த இரண்டு கதைகளையும் ஒருசேரச் சொல்ல முடியும். இதுவரை யாரும் சொல்வதில்லை.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பது ஆங்கிலேய அறிக்கைகளில் ஓரிரு வரியில் முடிந்துவிடுகிறது. காடர், மலசர், மலைமலசர், இரவாளர், புலையர், முதுவர் என ஆனைமலையில் பல பழங்குடிகள் வாழ்கிறார்கள். எந்தச் சரிவில் எந்த மரம் நிற்கிறது, எந்த ஓடை எப்போது வற்றும், யானைக் கூட்டம் எந்த வழியாக நகரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மரத்தில் மூங்கில் முளைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே ஏறி இரவில் தேன் எடுக்கும் காடரின் திறமையைக் கண்டு வியக்காத அதிகாரி இல்லை. மலசர் யானையோடு பழகியவர்கள். அவர்கள் இல்லாமல் மைக்கேலோ ஹாமில்டனோ ஒரு கட்டையைக்கூட நகர்த்தியிருக்க முடியாது. கப்பலில் தலைமைத் தச்சரின் பெயர் இருக்கிறது, தளபதியின் பெயர் இருக்கிறது. காட்டில் வளையம் கொத்தியவரின் பெயர் எங்கும் இல்லை. மரபுச் சின்னம் என்று எதை வைத்தாலும் இந்தக் குறையை முதலில் தீர்க்க வேண்டும். பழைய பெயர்கள் கிடைக்காமல் போகலாம். குடிகளின் பெயரையாவது எழுதலாம். கோழிகமுத்தி யானை முகாமில் இன்றும் மலசர் குடும்பங்களே மாவுத்தர்களாகவும் அவர்களுக்கு உதவும் காவடிகளாகவும் இருக்கிறார்கள். மரம் இழுத்த யானைகளின் இடத்தில் இப்போது கும்கிகள் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்ற கலீம் 2023இல் 60 வயதில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்தனர்.

பம்பாயில் கட்டிய கப்பல்களில் இன்றும் தண்ணீரில் மிதப்பது திருக்கோணமலை. ஆங்கிலத்தில் டிரிங்கோமலி. ஈழத்தின் துறைமுகப் பெயரைத் தாங்கிய இந்த 38 பீரங்கிக் கப்பல் 1817 அக்டோபர் 12 அன்று வாடியாக்களின் தளத்திலிருந்து கடலில் இறங்கியது. அடிமரத்தில் வெள்ளி ஆணி அடித்து, பார்சி முறைப்படி சடங்கு செய்து கட்டத் தொடங்கினார்கள். அதன் வரைபடத்தைக் கொண்டுவந்த கப்பல் 1812இல் அமெரிக்கரிடம் சிக்கியதால், புதிதாக வரைபடம் வரவழைத்தே வேலை நடந்தது. இன்று அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பத்து ஆண்டுக்கு மேல் நீடித்த பழுதுபார்ப்பு 2001இல் முடிந்தபோது, அடிக்கூட்டின் பெரும்பகுதி கட்டியபோது வைத்த அதே தேக்குதான் என்பது தெரிந்தது. மிதக்கும் நிலையில் உள்ள பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலேயே மூத்தது இது. அதன் மரம் மலபார்க் காடுகளின் தேக்கு. ஆனைமலையில் அரசின் வெட்டு தொடங்கியதோ அதற்கு முப்பது ஆண்டு கழித்து. அதனால் திருக்கோணமலையின் பலகையை ஆனைமலையோடு நேரடியாக இணைத்துச் சொல்வது சரியாகாது. அத்தகைய கப்பல்கள் தின்று தீர்த்த காடுகளுக்கு அடுத்த காடாகத்தான் ஆனைமலை வந்தது. உண்மையான தொடர்பு அதுதான், அதுவே போதுமானது.

காலமும் விரைவிலேயே மாறிவிட்டது. மைக்கேல் ஆனைமலைக்கு வந்த அதே 1848இல்தான் பம்பாய்த் தளம் பிரிட்டிஷ் அரசுக் கடற்படைக்கான தன் கடைசிப் பெரும் மரப் போர்க்கப்பலான மியானியைக் கடலில் இறக்கியது. 1860இல் இங்கிலாந்தில் வாரியர் என்ற இரும்புக் கப்பல் வந்தது. அதிலும் தேக்கு இருந்தது: நாலரை அங்குல இரும்புக் கவசத்துக்குப் பின்னால் பதினெட்டு அங்குலத் தேக்கு மெத்தை. குண்டின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அதைவிட நல்ல மரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் முழுக் கப்பலுக்கான தேவை போய்விட்டது. ஆனைமலைக்கு அதனால் ஓய்வு கிடைத்ததா என்றால் இல்லை. சென்னையிலிருந்து மேலைக்கடல் வரை இருப்புப் பாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1862இல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது இணைந்தது. ஒரு மைல் பாதைக்குச் சுமார் 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். கப்பலுக்கு முதிர்ந்த, நீண்ட மரம்தான் ஆகும். ஸ்லீப்பருக்கு நடுத்தர மரமும் ஆகும். கடற்படை விட்டுவைத்த மரங்களையும் இரயில்வே எடுத்துக்கொண்டது. ஆனைமலையின் தேக்குக் காட்டுக்கு அதிகத் தீங்கு எதனால் நேர்ந்தது என்று கேட்டால், இரயில்வேயைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

மொட்டையான சரிவுகளை மீட்டவர் என்று ஆனைமலை நினைவில் வைத்திருக்கும் பெயர் ஹியூகோ உட். 1910களின் நடுவில் வன அதிகாரியாக வந்தவர். மரத்தை வேரோடு பறிக்கக் கூடாது, அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அதுவே துளிர்க்கும், அதைப் பாதுகாத்து வளர்க்க வேண்டும் என்று மறுதாம்பு முறையை வலியுறுத்தினார். சட்டைப் பையில் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டு, கைத்தடியின் முனையால் குழி குத்திக் குத்தி விதைத்தபடியே நடப்பாராம். 1933இல் குன்னூரில் இறந்தபோது, தாம் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே தம்மைப் புதைக்கக் கேட்டுக்கொண்டார். டாப்ஸ்லிப்பில் மவுண்ட் ஸ்டூவர்ட் பங்களாவின் பக்கம் அவர் கல்லறை இருக்கிறது. சுற்றிலும் நேராக, ஒரே உயரத்தில் நிற்கும் தேக்குகள். அந்த நேர்த்தியே அது நட்ட காடு என்பதைக் காட்டிக்கொடுக்கும். காடு என்றால் பல மரமும் பல உயரமும் வேண்டும் என்று இன்றைய சூழலியலாளர்கள் சொல்வது நியாயம். ஆனாலும் வெட்டுவதே வேலையாக இருந்த துறையில், வளர்ப்பதை வேலையாக எடுத்துக்கொண்டவரை மதிக்காமல் இருக்க முடியாது.

வெட்டுக்கு முந்திய காடு எப்படி இருந்தது என்பதற்குப் பரம்பிக்குளத்தில் ஒரே ஒரு சாட்சி நிற்கிறது. கன்னிமாரா தேக்கு. டாப்ஸ்லிப் வழியாகவே அங்கே போக வேண்டும். வயது 450 ஆண்டுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து பேராவது கைகோக்க வேண்டும். மத்திய அரசின் மகாவிருட்ச விருது பெற்ற மரம் இது. பழங்குடி மக்கள் இதைத் தெய்வமாக வைத்து வணங்குகிறார்கள். வெட்டப் போனபோது மரத்திலிருந்து இரத்தம் வழிந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கதைக்குப் பின்னால் கண்ணெதிரே காணக்கூடிய ஓர் உண்மை இருக்கிறது. தேக்கின் இளந்தளிர் ஒன்றை எடுத்து இரு விரல்களுக்கு இடையே கசக்கினால் விரல் குங்குமம் தொட்டது போலச் சிவந்துவிடும். சிறிது நேரத்தில் அந்தச் சிவப்பு கறுத்து ஒட்டிக்கொள்ளும். ஒரு கழுவலில் போகாது. பெருமரம் ஒன்றில் கோடரி வைக்கத் தயங்கியவர்களுக்கு அந்தச் சிவப்பு போதுமானதாக இருந்திருக்கும்.

மலையிலிருந்து இறங்கினால் கோவை நகரிலும் இந்தத் தடம் தொடர்கிறது. கௌலி பிரவுன் சாலையில் உள்ள வனக் கல்லூரி வளாகத்தில் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. வனப் பாதுகாவலர் காஸ் முயன்று உருவாக்கிய இதை 1902இல் ஆளுநர் ஆம்ப்தில் பிரபு திறந்து வைத்தார். தென்னிந்தியக் காடுகளின் மர மாதிரிகளை ஒரே கூரையின் கீழ் பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனைமலைத் தேக்கு கடலுக்குப் போன கதையை ஒரு சுவர் அளவுக்கு விரித்துக் காட்ட இங்கே வாய்ப்பு இருக்கிறது. கப்பலின் பாய்மரத் தண்டுக்கு ஆன காட்டுப்புன்னையையும் அதில் சேர்க்கலாம். ஆங்கிலக் கப்பல்காரர்கள் அதைப் பூன் என்று சொன்னது நம் புன்னை என்ற சொல்லிலிருந்துதான்.

அடுத்து கோவையின் ரெட் ஃபீல்ட்ஸ் பகுதி. கடல் இல்லாத கோவையின் நடுவில் ஐ.என்.எஸ். அக்ரணி என்ற கடற்படை நிலையம் இயங்குவதைக் கண்டு வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். கடற்படை வீரர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி தரும் இடம் அது. இரண்டாம் உலகப் போரின்போது கோவையில் கருடா என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்பு நிலையமும், சூலூரில் வைரி என்ற பெயரில் கடற்படை விமானத் தளமும் இருந்தன. எதிரியின் விமானம் எட்டாத உள்நாடு, இதமான தட்பவெப்பம், பக்கத்திலேயே கொச்சித் துறைமுகம் என மூன்று வசதிகளும் அமைந்த ஊர் இது. விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படையின் சீ ஹாக் ஜெட் விமானங்கள் சூலூரில் தளம் கொண்டன. இன்று கோவாவில் உள்ள ஐ.என்.எஸ். ஹன்சா 1961இல் முதலில் தொடங்கப்பட்டது சூலூரில்தான். அந்நாளைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கிய விமானிகள் சூலூர் வானில் பழகியவர்கள். இன்று அங்கே இருப்பது விமானப்படைத் தளம்.

இன்னொரு இடத்தையும் விடக்கூடாது. கோவை மத்தியச் சிறை. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைக் கொழும்புத் தடத்தில் ஓட்டிய வ.உ.சிதம்பரனார் 1908இல் இந்தச் சிறைக்கு வந்தார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் வயிற்றில் அடித்தவரை மாட்டின் இடத்தில் பூட்டிச் செக்கு இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் காட்சிக்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் கடல் வரலாற்றில் இவ்வளவு கனமான சின்னம் வேறில்லை. ஆனைமலை மரம் அந்நியக் கடற்படைக்குக் கப்பலாகப் போன அதே மாவட்டத்தில், சொந்தக் கப்பல் ஓட்டிய நம்மவர் ஒருவர் செக்கிழுத்தார். இரண்டையும் ஒரே தடத்தில் வைத்துக் காட்டினால் பள்ளிப் பிள்ளைக்குக் கடற்படை என்றால் என்ன, காலனியாட்சி என்றால் என்ன என்பது பாடநூல் இல்லாமலே விளங்கும்.

இந்த இடங்களை ஒரே மரபுத் தடமாக்கப் புதிதாகக் கட்டடம் எதுவும் வேண்டாம். டாப்ஸ்லிப் புலிகள் காப்பகத்தின் உள்ளே இருக்கிறது. அதை ஒட்டிய கரியன்சோலை 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் ஒன்று. மரபு நடை என்ற பெயரில் அங்கே சாலையை அகலப்படுத்துவதும், சிமெண்ட் யானையையும் செல்ஃபி மேடையையும் வைப்பதும் கூடவே கூடாது. மரச் சறுக்கின் உச்சியில் ஒரு தமிழ்ப் பலகை, அதில் ஒரு வரைபடம்: டாப்ஸ்லிப், சேத்துமடை, பொன்னானி, பம்பாய். கீழே காடர், மலசர் என அங்கே உழைத்த குடிகளின் பெயர். உட் கல்லறையில் அவர் யார் என்று தமிழில் நாலு வரி. சேத்துமடைச் சாவடியில் கிடைக்கும்படி ஒரு சிறு கையேடு. காஸ் அருங்காட்சியகத்தில் ஒரு சுவர். வழிகாட்டிகளாகக் கோழிகமுத்தி, எருமைப்பாறை பக்கத்துப் பழங்குடி இளைஞர்களையே பழக்கலாம். வருமானமும் அவர்களுக்கே சேரும். வனத்துறையும் சுற்றுலாத் துறையும் உட்கார்ந்து பேசினால் ஒரு கோடை விடுமுறைக்குள் முடித்துவிடக்கூடிய வேலை இது.

மும்பையில் 1750இல் கட்டிய அந்தக் கல் துறை கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் பொதுமக்கள் நினைத்தபோது பார்க்க முடியாது. திருக்கோணமலைக் கப்பலைப் பார்க்கக் கடல் கடந்து ஹார்ட்டில்பூல் போக வேண்டும். ஆனைமலைச் சரிவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து பேருந்து இருக்கிறது.